முடியப்பன், ஸ்தேவான், ஸ்டீபன்: ஒரே பெயர்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தாத்தா பெயர் முடியப்பன். பிறந்திருக்கும் பையனுக்கு அந்தப் பெயரை வைக்க உங்களுக்கு ஆசை. பள்ளிக்கூடத்தில் 'முடி, முடி' என்று கூப்பிட்டே பையனை ஒரு வழி பண்ணிவிடுவார்கள் என்று உங்கள் மனைவிக்குப் பயம். பங்குத்தந்தை 'ஸ்டீபன் என்று வையுங்கள், இரண்டும் ஒன்றுதான்' என்கிறார். சித்தப்பாவோ 'அது வெள்ளைக்காரன் பெயர், எங்க அப்பா பெயர் ஆகாது' என்கிறார். இதற்கு நடுவில், ஸ்தேவான் என்றால் கிரீடம் என்றும், முதல் மறைசாட்சியாக உயிரைக் கொடுக்கப்போகிறவர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயரே அமைந்தது என்றும் ஒரு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையா, யூதர் ஒருவருக்கு ஏன் கிரேக்கப் பெயர், சித்தப்பா சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறையியல் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவன் நான். கிரேக்கப் பக்கம் கொஞ்சம் தைரியமாகவே பேசுவேன். தமிழ்க் கத்தோலிக்கப் பெயர்களின் வரலாறு என் துறை அல்ல. நான் வளர்ந்தது சீர்திருத்த சபையில். நீங்கள் மறைசாட்சி என்று சொல்வதை நாங்கள் இரத்தசாட்சி என்போம். எங்காவது வாய் தவறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல். கிரேக்கத்தில் அது ஸ்டெஃபனோஸ். சுற்றிவளை, சூட்டு என்ற பொருள் தரும் ஸ்டெஃபோ என்ற வினையிலிருந்து வந்தது. ஆக, அடிப்படைப் பொருள் 'சுற்றி இருப்பது'. தங்கமும் வேண்டாம், மணியும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம். எதையாவது வட்டமாகச் சுற்றி வந்தால் போதும். ஹோமரின் இலியத்தில் ஓர் இடத்தில் திராய் நகர வீரன் எக்டரைச் சுற்றிப் போர் வளையமாக எரிகிறது என்று வரும். அந்த வளையத்துக்கு அங்கே உள்ள சொல் ஸ்டெஃபனோஸ்தான். தலையில் சூடும் தழை வளையம், பூ வளையம் என்ற பொருள் பிறகு நிலைத்து, அதுவே பெருவழக்கு ஆனது. இன்றும் கிரேக்கக் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் வைக்கும் இரண்டு மெல்லிய வளையங்களுக்கு ஸ்டெஃபனா என்றே பெயர். இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடம் இல்லை.

அந்தக் காலத்துக் கிரேக்கர் ஒருவரிடம் ஸ்டெஃபனோஸ் என்று சொன்னால் அவர் மனதில் முதலில் எழும் படம் அநேகமாக விளையாட்டுப் பந்தயம்தான். ஒலிம்பியாவில் ஜெயித்தவனுக்குக் காட்டு ஒலிவத் தழை, தெல்பியில் லாரல் தழை. (லாரலைப் புன்னை இனம் என்று சில தமிழ்ப் புத்தகங்கள் எழுதும். அது புன்னை அல்ல, நம் ஊரில் இல்லாத மரம்.) நெமேயாவில் செலரிக் கீரை. கொரிந்துக்குப் பக்கத்தில் நடந்த இஸ்த்மியப் பந்தயத்தில் பைன் தழை. சில காலம் அங்கேயும் காய்ந்த செலரி. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, பந்தயத்தில் ஓடுகிறவர்கள் 'அழிவுள்ள கிரீடத்தை'ப் பெற ஓடுகிறார்கள், நாமோ அழிவில்லாததைப் பெற ஓடுகிறோம் என்பார். கிரீடம் எப்படி அழியும் என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பம். தங்கம் துருப்பிடிக்காதே! கிரேக்கத்தில் படித்தபோதுதான் புரிந்தது: அவர் சொல்வது தழை வளையம். நாலு நாளில் வாடிவிடும். அதைத் தலையில் வைப்பதற்காக ஒருவன் மாதக்கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பயிற்சி எடுத்ததைக் கொரிந்துக்காரர்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள். தமிழில் 'கிரீடம்' என்று போட்டதும் அந்த வாடும் தழை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

இயேசுவின் தலையில் வைத்த முள்முடியும் ஸ்டெஃபனோஸ்தான். மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் அந்தச் சொல்லையே எழுதுகிறார்கள். முள்ளை வளைத்துப் பின்னியது. அதனால் அடிப்படைப் பொருளுக்கும் பொருந்துகிறது, கேலிக்கும் பொருந்துகிறது.

அரசர்கள் அணிவதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு: டியாடெமா. பெயரைக் கேட்டால் பெரிய பொன்முடி போலத் தோன்றும், உண்மையில் அது நெற்றியைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை. பாரசீக அரசர்களிடமிருந்து அலெக்சாந்தர் எடுத்துக்கொண்டது. அவருக்குப் பின்வந்த கிரேக்க அரசர்களுக்கு அதுவே ஆட்சிச் சின்னம். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் மூன்றே இடங்களில் வருகிறது, மூன்றும் வெளிப்படுத்தின விசேஷத்தில். பல ஆண்டுகள் வகுப்பில் இதை வைத்து ஒரு கோடு போட்டுவந்தேன்: 'ஸ்டெஃபனோஸ் என்றால் ஜெயித்தவன் சூடுவது, டியாடெமா என்றால் ஆள்கிறவன் அணிவது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.' ஒரு வருடம் ஒரு மாணவர் எழுந்து, 'ஐயா, இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் தாவீது அம்மோனிய ராஜாவின் தலையிலிருந்து எடுத்த தங்கக் கிரீடத்துக்குப் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் என்ன சொல் இருக்கிறது, பார்த்தீர்களா?' என்றார். பார்த்தேன். ஸ்டெஃபனோஸ்! ஒரு தாலந்து எடையுள்ள தங்கத்துக்கும் அதே சொல். வெளிப்படுத்தின விசேஷத்திலேயே 14ஆம் அதிகாரத்தில் மனுஷகுமாரனுக்கு ஒப்பானவர் தலையில் பொன் ஸ்டெஃபனோஸ் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கோட்டைப் பென்சிலால்தான் போடுகிறேன். பெருவாரியான இடங்களில் நிற்கும். எல்லா இடத்திலும் நிற்காது. பிரசங்கங்களில் இந்த வேறுபாட்டை அடித்துச் சொல்வதைக் கேட்டால் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெயருக்கு வருவோம். பொதுச்சொல் எப்போது ஆள்பெயரானது? ஸ்தேவானுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆகிவிட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்சில் தெமொஸ்தேனெஸ் பெயரால் வழங்கும் நீதிமன்ற உரைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டெஃபனோஸ்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவரை எதிராளி நாறடிக்கிறார்: வெளிநாட்டுப் பெண்ணான நெயாயிராவைச் சட்டத்துக்கு விரோதமாக மனைவியாக வைத்திருக்கிறார், அவள் மகளைக் குடிமகள் என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார் என்று குற்றச்சாட்டு. புனிதம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஸ்தேவானின் சமகாலத்துக்கு வந்தால், யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தன் யூதப் போர் வரலாற்றில் கி.பி. 50 வாக்கில் பெத்தோரோன் சாலையில் கொள்ளையடிக்கப்பட்ட ஒருவரைக் குறிப்பிடுகிறார்: இராயனின், அதாவது ரோமப் பேரரசரின், அடிமை, பெயர் ஸ்டெஃபனோஸ். கி.பி. 96இல் பேரரசர் தொமீத்தியானைக் குத்திய சதிக்காரர்களில் ஒருவரான, பேரரசரின் உறவுக்காரப் பெண் தொமித்தில்லாவின் காரியக்காரரும் ஸ்டெஃபனுஸ்தான். வழக்காடுகிறவன், அடிமை, கொலைகாரன் எல்லாருக்கும் இருந்த பெயர். நம் ஊரில் ராஜா என்ற பெயர் எப்படியோ அப்படி. பெயர் வைத்த வீட்டில் அரண்மனை இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, யூதருக்கு ஏன் கிரேக்கப் பெயர் என்பது. இதில் ஆச்சரியப்பட அவ்வளவாக எதுவும் இல்லை. அலெக்சாந்தருக்குப் பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிரேக்கம் அந்தப் பகுதியில் நிர்வாக மொழி, வியாபார மொழி. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எருசலேமின் பிரதான ஆசாரியர்களே யாசோன், மெனெலாவ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். யாசோனின் சொந்தப் பெயர் யோசுவா என்று யோசேப்பஸ் எழுதுகிறார். கிரேக்கப் பழக்கங்களை எதிர்த்துப் போராடி ஆட்சிக்கு வந்த மக்கபேயர் வம்சத்திலேயே சில தலைமுறைக்குள் அலெக்சாந்தர், அரிஸ்தோபுலு, அந்திகோனு என்று அரசர்கள் வந்துவிட்டார்கள். இது வரலாற்றின் கேலி என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிக்க மாட்டார்கள், பரவாயில்லை. யூதர்களின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவில் ரபீக்கள் வரிசையில் சோகோ ஊர் அந்திகோனுஸ் என்று ஒருவர் இருக்கிறார். இயேசுவின் பன்னிரண்டு பேரில் அந்திரேயா, பிலிப்பு இரண்டும் சுத்தமான கிரேக்கப் பெயர்கள், இருவரும் கலிலேயாவின் பெத்சாயிதா ஊர்க்காரர்கள். எருசலேமில் தோண்டியெடுத்த அக்காலத்து எலும்புப்பெட்டிகளில் எழுத்து உள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் கிரேக்கம் இருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் பின்னணி கொஞ்சம் விரிகிறது. எருசலேம் சபையில் கிரேக்கம் பேசும் யூத விசுவாசிகளுக்கும் எபிரெயர்களுக்கும் பந்தி விசாரிப்பில் மனஸ்தாபம். விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். இதில் நிக்கொலா மட்டும் அந்தியோகியாவிலிருந்து வந்து யூதமார்க்கத்தில் சேர்ந்தவர் என்று தனியாகச் சொல்வதால் மற்ற ஆறு பேரும் பிறப்பால் யூதர்கள் என்று கொள்வது நியாயம். அவர்கள் வெளிநாட்டிலிருந்து திரும்பி எருசலேமில் குடியேறிய குடும்பத்துக்காரர்களாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவர்கள் நகரில் இருந்தார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு: 1913-14இல் எருசலேமில் கிடைத்த தெயதொத்து கல்வெட்டு, நியாயப்பிரமாணம் வாசிக்கவும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கவும் ஜெப ஆலயம் கட்டியதைக் கிரேக்கத்தில் சொல்கிறது. கட்டியவர் ஆசாரியர்; அவர் பெயரும் கிரேக்கம். ஆனாலும் பெயரை மட்டும் வைத்து 'ஸ்தேவான் வெளிநாட்டில் பிறந்தவர்' என்று தீர்ப்பு எழுத முடியாது. அந்திரேயா எங்கேயும் போகாத மீனவர், அவருக்கும் கிரேக்கப் பெயர்தான். ஸ்தேவான் அலெக்சாந்திரியாக்காரர், விடுதலை பெற்ற அடிமை என்றெல்லாம் எழுதுகிறவர்கள் உண்டு, அதெல்லாம் ஊகம். லீபர்த்தீனர் எனப்பட்ட, விடுதலை பெற்ற அடிமைகளின் ஜெப ஆலயத்தார் அவரோடு தர்க்கம்பண்ணினார்கள் என்றுதான் வசனம் சொல்கிறது. அவர் அவர்களில் ஒருவர் என்று சொல்லவில்லை.

அவருடைய மொழி கிரேக்கம்தான் என்பதற்கு வேறொரு தடயத்தைச் சிலர் காட்டுவார்கள். 7ஆம் அதிகாரத்து நீண்ட பிரசங்கத்தில் யாக்கோபின் குடும்பத்தார் எழுபத்தைந்து பேர் எகிப்துக்குப் போனார்கள் என்று வருகிறது. எபிரெய ஆதியாகமத்தில் எழுபது; கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில்தான் எழுபத்தைந்து. அழகான தடயம்தான். ஆனால் பிரசங்கத்தை எழுத்தில் வடித்தவர் லூக்கா, அவர் கையில் இருந்ததும் செப்துவஜிந்துதான். அந்த எழுபத்தைந்து ஸ்தேவானுடையதா லூக்காவுடையதா என்று பிரிக்க வழி இல்லை.

இனி உங்கள் பிரசங்கியார் சொன்னது: மறைசாட்சி முடி சூடப்போகிறவர் என்பதால் 'முடி' என்ற பெயர். நேரடியாகச் சொல்கிறேன், பெயர் வைத்த தாய் தகப்பனுக்கு அது தெரிந்திருக்க முடியாது. பெயரில் தீர்க்கதரிசனம் தேட ஆரம்பித்தால் அந்த ஏழு பேரையும் தேட வேண்டும். நிக்கானோர் என்றால் வெல்பவன். அவர் எதை வென்றார் என்று ஒரு வரி இல்லை. பிரொகோரு என்றால் ஆடல் குழுவுக்கு முன்னால் போகிறவன். நிக்கொலா என்றால் மக்களின் வெற்றி. பின்னால் வந்த 2ஆம் நூற்றாண்டு ஆயர் இரேனேயு, வெளிப்படுத்தின விசேஷம் கண்டிக்கிற நிக்கொலாய் மதத்தினருக்கு இவர்தான் மூலம் என்று பழியைத் தூக்கிப் போட்டார். பிலிப்பு என்றால் குதிரைப் பிரியன். எத்தியோப்பிய மந்திரியின் இரதத்துக்குப் பக்கத்தில் அவர் மூச்சிரைக்க ஓடியதை வேண்டுமானால் நிறைவேறிய தீர்க்கதரிசனம் என்று சொல்லலாம்.

சரி, பெற்றோர் நினைக்கவில்லை. எழுதிய லூக்காவாவது நினைத்தாரா? இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நின்று பார்ப்போம். ஸ்டெஃபனோஸ் என்ற பொதுச்சொல் புதிய ஏற்பாட்டில் பதினெட்டு இடங்களில் வருகிறது. பவுலிடம் இருக்கிறது, யாக்கோபிடம் இருக்கிறது, பேதுருவிடம் இருக்கிறது, வெளிப்படுத்தின விசேஷத்தில் நிறைய இருக்கிறது. லூக்கா எழுதிய இரண்டு நூல்களிலும் ஓர் இடத்தில்கூட இல்லை! நான்கு சுவிசேஷங்களில் முள்முடியைச் சொல்லாமல் விட்டதும் லூக்கா ஒருவர்தான். லீஸ்திராவில் பவுலுக்குப் பலியிட எருதுகளும் மாலைகளும் கொண்டுவந்த இடத்தில்கூட மாலைக்கு ஸ்டெம்மா என்ற வேறு சொல்லையே எடுக்கிறார். ஸ்தேவான் பெயர் கிரேக்க மூலத்தில் ஏழு முறை வருகிறது. ஆலோசனைச் சங்கத்தின் முன் அவர் முகம் தேவதூதன் முகம் போல் இருக்கிறது, கல்லெறிவதற்குச் சற்று முன் வானம் திறக்கிறது, முடி மட்டும் இறங்கவில்லை. பர்னபா என்றால் ஆறுதலின் மகன் என்று நின்று விளக்கம் சொன்னவர்தான் லூக்கா. தபீத்தாள் என்பதற்குத் தொற்காள் என்று அர்த்தம் சொன்னவரும் அவர்தான். இங்கே வாயைத் திறக்கவில்லை. இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: பர்னபா, தபீத்தாள் எல்லாம் அரமேயம், கிரேக்க வாசகருக்கு விளக்கம் தேவை, ஸ்டெஃபனோஸ் அவர்கள் தினமும் பேசும் சொல், விளக்கவே தேவையில்லை, தானாகவே காதில் விழுந்திருக்கும். அது நியாயம்தான். இருந்தாலும் சிலேடை செய்ய நினைக்கும் எழுத்தாளன் அந்தச் சொல்லை ஒரு முறையாவது பக்கத்தில் கொண்டுவந்து உரசிப் பார்ப்பான். லூக்கா உரசவில்லை. அவர் மனதில் சிலேடை இல்லை என்பது என் முடிவு. மறுக்கிறவர்களோடு சண்டை போட மாட்டேன்.

சிலேடையைக் கண்டவர்கள் வாசகர்கள். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூசேபியு தன் திருச்சபை வரலாற்றில், கிறிஸ்துவின் சாட்சிகளுக்குரிய, தன் பெயருக்கும் ஏற்ற முடியை முதலில் பெற்றவர் ஸ்தேவான் என்ற கருத்தில் எழுதுகிறார். அகுஸ்தீனும் ஸ்தேவான் திருநாள் பிரசங்கங்களில் இந்தப் பெயருக்கு லத்தீனில் கொரோனா என்று அர்த்தம் சொல்லி அதை எடுத்தாள்கிறார். அதற்குள் காலம் மாறியிருந்தது. சாட்சி என்ற பொருளில் மட்டும் இருந்த மார்த்துஸ் என்ற சொல், விசுவாசத்துக்காகச் செத்தவர் என்ற பொருளுக்கு வந்துவிட்டது. 'மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்' என்ற வசனம் அந்தச் சாவுகளோடு ஒட்டிக்கொண்டது. முதலில் செத்தவர் பெயரே முடி என்றால் யார் சும்மா இருப்பார்கள்? உங்கள் பிரசங்கியார் சொன்னது பொய் அல்ல, ஆயிரத்து எழுநூறு ஆண்டுப் பழமையுள்ள வாசிப்பு. பெயரின் தோற்றம் அது அல்ல, அவ்வளவுதான்.

இன்னொரு கதை இருக்கிறது, உங்கள் தாத்தா பெயருக்கு நெருங்கிய சொந்தம். கி.பி. 415இல் எருசலேமுக்கு அருகே கஃபார் கமலா என்ற ஊரின் குருவான லூசியான், பவுலின் ஆசானான கமாலியேல் தன் கனவில் வந்து ஒரு கல்லறையைக் காட்டியதாகச் சொன்னார். தோண்டினார்கள், எலும்புகளை ஸ்தேவானுடையவை என்று அறிவித்து அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று எருசலேமுக்குக் கொண்டுபோனார்கள். லூசியானின் கடிதப்படி அந்தக் கல்லில் இருந்த பெயர் ஸ்டெஃபனோஸ் அல்ல, கெலியேல் என்பது போன்ற ஒரு வடிவம். அதற்கு ஸ்தேவான் என்று பொருள் என்று விளக்கமும் தருகிறார். அரமேயத்திலும் சிரியாக்கிலும் கெலீலா என்றால் முடி, மாலை வளையம். இதிலிருந்து 'ஸ்தேவானின் உண்மையான அரமேயப் பெயர் கெலீல்' என்று இன்றும் சில புத்தகங்கள் எழுதுகின்றன. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடபடிகள் அப்படி ஒரு பெயரைத் தரவில்லை. நானூறு ஆண்டு கழித்து வந்த ஒரு கனவுக் கதையின் சாட்சியம் அது. ஆனால் ஒன்று தெளிவு: 5ஆம் நூற்றாண்டுப் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பெயரைத் தங்கள் மொழியில் பொருள்பெயர்த்துச் சொல்வது இயல்பாக இருந்தது. கெலீல் என்பது அவர்களுடைய முடியப்பன்.

மற்ற மொழிகள் ஒலியைக் கொண்டுபோயின. அன்றைய கிரேக்கத்தில் நடு எழுத்து மூச்சு சேர்ந்த 'ப', பின்னால்தான் அது 'ஃப' ஆனது. ரஷ்யாவில் ஸ்தெபான், அர்மீனியாவில் ஸ்தெபானோஸ், சிரியாக் வழியாகக் கேரளத்தில் எஸ்தப்பான். லத்தீன் வழிவந்த மொழிகளில் ஸ்பெயினில் எஸ்தேபன், பிரான்சில் உருத்தெரியாமல் தேய்ந்து எத்தியேன், போர்த்துகலில் எஸ்தேவாவ். ஹங்கேரியில் இஷ்த்வான்; அந்நாட்டின் முதல் அரசர் பெயரே அது. ஆங்கில ஸ்டீபன் இந்தக் கூட்டத்தில் ஒரு தம்பி, அவ்வளவுதான். நம் ஸ்தேவானில் உள்ள 'வா' எங்கிருந்து வந்தது? கிரேக்கத்திலிருந்து நேராக எடுத்திருந்தால் ஸ்தெப்பான், ஸ்தேபானு என்று ஏதாவது வந்திருக்கும். போர்த்துக்கீசிய வடிவம் தமிழ்க் கடற்கரையில் 16ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஒலி பொருந்துகிறது, அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை. எங்கள் பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலில் கொரிந்தியர் முதல் நிருபத்தில் 'ஸ்தேவானுடைய வீட்டாருக்கும் நான் ஞானஸ்நானங்கொடுத்ததுண்டு' என்று பவுல் சொல்வதாக வரும். கல்லெறியுண்ட ஸ்தேவானின் குடும்பம் என்று நினைத்து உருகிப் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது வேறு ஆள். கிரேக்கத்தில் அவர் பெயர் ஸ்டெஃபனாஸ், அகாயா நாட்டுக்காரர். தமிழில் இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் விழுந்துவிட்டன.

இப்போது முடியப்பன். புனிதர்களின் பெயரை ஒலியாக எடுக்காமல் பொருளாக எடுப்பது தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கம். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் 'சிறியவன்' என்று பொருள், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார், அதனால் அருளப்பர். யோசேப்பு என்ற எபிரெயப் பெயரில் 'கூடுதல், பெருகுதல்' இருப்பதைப் பார்த்து வீரமாமுனிவர் வளன் என்றார். அதே வரிசையில் ஸ்டெஃபனோஸ் முடியப்பர் ஆனார். முடி என்பது தலைமயிர் ஆவதற்கு முன்பே முடியுடை மூவேந்தர் தலையில் இருந்த சொல். பழைய திருப்புதலிலேயே சங்கீதம் 8இல் 'மகிமையினாலும் கனத்தினாலும் அவனை முடிசூட்டினீர்' என்ற இடத்துக்குச் செப்துவஜிந்தில் இருப்பது இந்தப் பெயரோடு ஒட்டிப் பிறந்த வினைதான். ஆகவே மொழிபெயர்ப்பில் தவறு இல்லை. கொஞ்சம் கறாராகப் பார்க்கிற வாத்தியார் புத்தியில் ஒன்று சொல்லலாம்: ஜெயித்தவன் தலையில் சூடும் பூவுக்கும் தழைக்கும் தமிழில் இன்னும் பொருத்தமான சொற்கள் இருந்தன. சங்கப் பாட்டில் தலையில் சூடுவது கண்ணி. போரில் வென்றவன் சூடுவது வாகை. ஒலிம்பியாவில் ஒலிவம், இங்கே வாகைப் பூ; கிட்டத்தட்ட ஒரே பழக்கம். வாகையப்பன் என்று வைத்திருந்தால் ஸ்டெஃபனோஸ் அச்சு அசலாகத் தமிழுக்கு வந்திருப்பார், உங்கள் மனைவிக்கும் கவலை இருந்திருக்காது. யாரும் என்னைக் கேட்கவில்லை, மூன்று நூற்றாண்டு தாமதமாகப் பிறந்துவிட்டேன்.

ஆக, சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: ஸ்டீபன் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பெயர் அல்ல. அவர்களும் நம்மைப் போலவே கிழக்கிலிருந்து கடன் வாங்கியவர்கள். பங்குத்தந்தை சொல்வது சரி, புனிதர் ஒருவரே, பெயரும் அதே பெயர். ஆனால் சித்தப்பா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். உங்கள் தாத்தாவை ஊரில் யாரும் ஸ்டீபன் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சித்தப்பாவின் காதுக்கு அப்பா என்றால் முடியப்பன் என்ற ஒலிதான், அகராதிப் பொருள் அல்ல. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டில் முடியப்பன் என்றே எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஸ்டீபன் என்று கொடுப்பேன். பிறப்புச் சான்றிதழில் எது இருக்கிறதோ அதுதான் பள்ளியிலும் கேட்பார்கள் என்பதால், அங்கே ஸ்டீபன் முடியப்பன் என்று இரண்டையும் சேர்த்தே பதிந்துவிடுங்கள். பையன் வளர்ந்து, ஏன் எனக்கு ஒரே பெயரை இரண்டு தடவை வைத்தீர்கள் என்று கேட்டால், இந்தக் கதையை அவனிடமும் சொல்லலாம்.